வீட்டுப் பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும்

கேள்வி: பொறியியல் பட்டதாரி நான், வயது 25. கிராமக் குடிநீர்ப் பணியில் ஈடுபட்டுள்ள ஒரு தொண்டு நிறுவனத்தில் ஒன்றரை ஆண்டாக வேலை செய்கிறேன். அமெரிக்காவில் பொதுக்கொள்கை முதுகலை படிக்க இடம் கிடைத்திருக்கிறது. கட்டணத்தில் கால் பங்கு தள்ளுபடி. மீதிக்கு 50 லட்ச ரூபாய் கடன் வாங்க வேண்டும். அப்பா வீட்டை அடமானம் வைக்கத் தயாராக இருக்கிறார். ஏப்ரல் 15-க்குள் பதில் சொல்ல வேண்டும். என்ன செய்யட்டும்?
- வாசகி, தென்காசி மாவட்டம்

பதில்: அன்புள்ள சகோதரி, இந்த ஆண்டு போக வேண்டாம் என்பதே என் கருத்து. இடத்தையும் விட்டுவிட வேண்டாம். சேர்க்கையை ஓராண்டு தள்ளிவைக்க முடியுமா என்று பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கேளுங்கள். உதவித்தொகையைக் கூட்டித் தர இயலுமா என்றும் அதே கடிதத்தில் கேட்கலாம். வேறு பல்கலைக்கழகம் கூடுதல் உதவி தர முன்வந்திருந்தால் அதையும் குறிப்பிடுங்கள். கேட்பதில் கூச்சமே வேண்டாம். பலரும் கேட்கிறார்கள், சிலருக்குக் கிடைக்கவும் செய்கிறது.

50 லட்சத்துக்கு 10.5 சதவீத வட்டி, 15 ஆண்டு என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். மாதத் தவணை 55,000 ரூபாயைத் தாண்டுகிறது. படிக்கும் காலத்தில் ஏறும் வட்டியை இதில் நான் சேர்க்கவே இல்லை. ஊர் திரும்பிக் குடிநீர்த் துறையிலேயே உழைக்க வேண்டும் என்பது உங்கள் ஆசையானால், அந்தச் சம்பளத்தில் இதைக் கட்ட முடியாது. அங்கேயே சம்பாதித்து அடைக்கலாம் என்றால், படிப்பு முடிந்தபின் மாணவர் விசாவில் வேலை செய்ய ஓராண்டுதான் கிடைக்கும். அறிவியல், தொழில்நுட்பப் பிரிவில் சேர்க்கப்பட்ட படிப்புக்கு மட்டும் மேலும் இரண்டு ஆண்டு உண்டு. உங்கள் படிப்பு எந்தப் பிரிவில் வருகிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். வளாகத்துக்குள் பகுதிநேர வேலை பார்க்கலாம் என்பது உண்மை. ஆனால் பாடம் நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரமே வரம்பு. அது கைச்செலவுக்குத்தான் உதவும்.

ஆய்வுப் பட்ட மாணவருக்குக் கட்டணமும் மாதப்படியும் தரும் பல்கலைக்கழகங்கள், பொதுக்கொள்கை முதுகலை மாணவருக்கு அவ்வளவு எளிதாகத் தருவதில்லை. விதிவிலக்குகள் உண்டு. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் பொது விவகாரப் பள்ளி, முதுகலை மாணவர்களின் கல்விக் கட்டணத்தை, வெளிநாட்டவர் உட்பட, தானே ஏற்கிறது. இடம் கிடைப்பது கடினம், ஆனாலும் விண்ணப்பியுங்கள்.

காத்திருக்கச் சொல்வதற்கு முக்கியமான காரணம் உங்கள் வேலைதான். பிரிட்டன் அரசின் செவெனிங் உதவித்தொகை, ஓராண்டு முதுகலையின் கட்டணம், தங்கும் செலவு, விமானப் பயணம் எல்லாவற்றையும் ஏற்கிறது. அதற்கு வேண்டிய அனுபவம் 2,800 மணி நேரம், அதாவது இரண்டு ஆண்டு. இன்னும் ஆறு மாதத்தில் நீங்கள் அதை எட்டிவிடுவீர்கள்! அமெரிக்காவில் படிக்க உதவும் ஃபுல்பிரைட்-நேரு முதுகலை உதவித்தொகைக்கு மூன்று ஆண்டு அனுபவமும் நான்காண்டுப் பட்டமும் தேவை. பொறியியல் படித்ததால் பட்டத்தில் உங்களுக்குச் சிக்கல் இல்லை. பொது நிர்வாகமும் அதன் பாடப்பட்டியலில் உண்டு. இரண்டுமே படித்து முடித்தபின் இரண்டு ஆண்டு தாய்நாட்டில் இருக்கச் சொல்கின்றன. ஊருக்கே திரும்ப நினைப்பவருக்கு அது சுமையாகாது.

உங்கள் சமூகப் பிரிவை எழுதவில்லை. ஆதிதிராவிடர் அல்லது பழங்குடியினர் என்றால், வெளிநாட்டு உயர்கல்விக்குத் தமிழக அரசு 36 லட்ச ரூபாய் வரை தரும் திட்டம் இருக்கிறது. வருமான வரம்பு பற்றி மாவட்ட நல அலுவலகத்தில் நேரில் விசாரியுங்கள். டாடா அறக்கட்டளையின் ஜே.என். டாடா நிதி 1892 முதல் இயங்குகிறது. அது தருவது பெரும்பாலும் கடன்தான், திருப்பிக் கட்ட வேண்டியது. இணையப் பட்டியல்களில் காணும் பிக்கரிங், ரேங்கல் போன்ற உதவித்தொகைகள் அமெரிக்கக் குடிமக்களுக்கானவை. அவற்றில் நேரம் செலவிட வேண்டாம்.

பெங்களூருவையும் எண்ணிப் பாருங்கள். தேசிய சட்டப் பள்ளியில் பொதுக்கொள்கை முதுகலை உண்டு. அசிம் பிரேம்ஜி பல்கலைக்கழகம் குடும்ப வருமானத்தைப் பார்த்துக் கட்டணச் சலுகை தருகிறது.

இந்தப் பதிலை அப்பாவிடமும் காட்டுங்கள். மகளுக்காக வீட்டையே தரத் துணிந்தவரிடம் ஓராண்டு அவகாசம் கேட்பது தவறாகாது. செவெனிங் விண்ணப்பம் வழக்கமாக ஆகஸ்டில் தொடங்கும். பரிந்துரை தரக்கூடிய இருவரிடம் இந்த வாரமே பேசிவையுங்கள்.