அத்தையின் இடது கண்

கேள்வி: என் மகன் ப்ளஸ் டூ படிக்கிறான், நீட் பயிற்சிக்கும் போகிறான். மூளை உழைக்கும்போது கண்பாவை விரியும் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். அதிலிருந்து தினமும் இரவு அவன் படிக்கும்போது செல்போன் டார்ச் அடித்துப் பார்க்கிறேன். பாவை சின்னதாகவே இருக்கிறது. மனம் வைத்துப் படிக்கவில்லை என்றுதானே அர்த்தம்? கேட்டால் எரிந்து விழுகிறான். இப்போதெல்லாம் யாரைப் பார்த்தாலும் கண்ணைத்தான் முதலில் பார்க்கிறேன். என் அத்தைக்கு (மாமியார்) பத்து நாளாக இடது கண்பாவை மட்டும் பெரிதாகத் தெரிகிறது. அந்த இமையும் இறங்கியிருக்கிறது. தலைவலி என்கிறார். சுகர் இருப்பதால் இருக்கும், மகனின் பரீட்சை முடிந்ததும் காட்டலாம் என்று இருக்கிறோம். மகனைக் கவனமாகப் படிக்கவைக்க என்ன வழி? (கடிதத்தின் சுருக்கம்)

பதில்: நான்கு பக்கக் கடிதத்தில் உங்கள் அத்தைக்குக் கிடைத்தது மூன்று வரி. அந்த மூன்று வரியைப் படித்ததும் மீதியை மடித்து வைத்துவிட்டு, கடிதத்தின் கீழே இருந்த எண்ணுக்கு அழைத்தேன். அன்று மாலையே அவரை மருத்துவமனைக்கு அழைத்துப் போனார்கள் என்று தெரிந்த பிறகுதான் இந்தப் பதிலை எழுத உட்கார்ந்தேன்.

இமையைத் தூக்குவதும் கண்பாவையைச் சுருக்குவதும் ஒரே நரம்பு. மூளையிலிருந்து கண்ணுக்கு வரும் மூன்றாம் நரம்பு என்பார்கள். அந்த நரம்பை ஏதாவது அழுத்தினால் இமை இறங்கும், பாவை விரிந்து நின்றுவிடும், பார்ப்பதெல்லாம் இரண்டாகத் தெரியும். அழுத்துவது மூளையில் உள்ள இரத்தக் குழாயின் வீக்கமாகவும் இருக்கலாம். அது வெடித்தால் உயிருக்கே ஆபத்து. சர்க்கரை நோயும் இதே நரம்பைப் பாதிக்கும், உண்மைதான். ஆனால் அப்போது பெரும்பாலும் பாவை விரிவதில்லை. இமை இறங்கி, பாவையும் விரிந்து, தலையும் வலித்தால் "சுகரா இருக்கும்" என்று வீட்டில் உட்கார்ந்து சொல்லக்கூடாது. ஸ்கேன் எடுத்துப் பார்த்த மருத்துவர் சொல்லட்டும்.

மற்றவர்கள் பயந்துவிடக்கூடாது என்பதற்காக இதையும் சொல்கிறேன். இரண்டு பாவையும் லேசாக வித்தியாசப்படுவது ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு இயல்பிலேயே உண்டு. பழைய கல்யாண போட்டோவிலும் அப்படியே இருந்து, வேறு தொந்தரவும் இல்லையென்றால் கவலை வேண்டாம். புதிதாக வந்து, கூடவே இமை இறக்கமோ தலைவலியோ இரட்டைப் பார்வையோ இருந்தால், அன்றைக்கே ஸ்கேன் வசதியும் நரம்பியல் மருத்துவரும் உள்ள பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும். வண்டி இல்லையென்றால் 108.

உங்கள் மேல் எனக்கு வருத்தம் இருக்கிறது, அதை மறைக்கப்போவதில்லை. நீங்கள் கவனிக்காமல் இருந்தால்கூட மன்னித்துவிடலாம். நீங்கள் கவனித்தீர்கள். எந்தக் கண், எத்தனை நாள் என்றெல்லாம் எனக்கு எழுதவும் செய்தீர்கள். அதற்கப்புறம் பரீட்சை முடியட்டும் என்று தள்ளி வைத்தீர்கள். "என்றிருக்கிறோம்" என்று எழுதியிருப்பதால் உங்கள் கணவருக்கும் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன். பெற்ற தாய்க்கு ஒரு கண் இப்படி ஆகியிருக்கும்போது அவர் எப்படி வேலைக்குக் கிளம்பிப் போனார் என்று எனக்குப் புரியவில்லை. வயதானவர்களின் வலியை வீட்டு வேலைப் பட்டியலில் கடைசியில் போடும் வழக்கத்தை நான் நிறையக் கடிதங்களில் பார்த்துவிட்டேன். பிள்ளையின் பரீட்சை என்று காரணம் சொன்னால் யாரும் எதிர்த்துப் பேச மாட்டார்கள். நான் பேசுவேன்.

சரி, டார்ச் விஷயம். வீடியோவில் சொன்னது பொய் இல்லை. 1964-இல் ஹெஸ், போல்ட் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் சிலரிடம் மனக்கணக்குக் கொடுத்து அவர்கள் கண்ணைப் படம் பிடித்தார்கள். 7-ஐ 8-ஆல் பெருக்கும்போது பாவை கொஞ்சம் விரிந்தது, 16-ஐ 23-ஆல் பெருக்கும்போது இன்னும் விரிந்தது, விடை சொன்னதும் சுருங்கியது. 1966-இல் கானமன், பீட்டி இருவரும் எண்களை ஒவ்வொன்றாகச் சொல்லி நினைவில் வைக்கச் சொன்னபோது, எண் கூடக்கூட பாவையும் விரிந்தது. ஆனால் மனம் உழைப்பதால் வரும் விரிவு அரை மில்லிமீட்டர் இருந்தாலே அதிகம். அதை அளக்க வெளிச்சம் மாறாத இடமும் கருவியும் வேண்டும். வெளிச்சமோ இரண்டு மில்லிமீட்டருக்கும் எட்டுக்கும் இடையே பாவையை ஆட்டி வைக்கும். நீங்கள் டார்ச் அடித்தீர்கள், பாவை சுருங்கியது. நல்ல கண் அதைத்தான் செய்யும். இன்னொன்று, பயந்தாலும் பாவை விரியும். நாளைக்கே விரிந்த பாவையைப் பார்த்தாலும் அவன் படிக்கிறானா, உங்களைக் கண்டு மிரள்கிறானா என்று உங்களால் பிரித்துச் சொல்ல முடியாது. டார்ச்சை இன்றோடு விடுங்கள்.

அவனுக்குக் கவனம் இல்லை என்கிறீர்கள். அன்று நான் அழைத்தபோது போனை எடுத்தது உங்கள் மகன்தான். பாட்டியின் கண்ணைப் பற்றி நான் கேட்க ஆரம்பிக்கும் முன்பே, "பாட்டிக்கு எல்லாம் ரெண்டு ரெண்டா தெரியுது ஆன்ட்டி, காபி டம்ளரைப் பக்கத்துல வச்சாக்கூட தள்ளித் தடவுறாங்க" என்றான். இதை உங்களிடம் இரண்டு தடவை சொன்னானாம். நீ போய்ப் படி என்றீர்களாம். நான் விஷயத்தைச் சொன்னதும் அப்பாவுக்குப் போன் போட்டு வரவழைத்து, ஆட்டோவில் பாட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து போயிருக்கிறான். அங்கே மருத்துவர்கள் சொன்னது உங்கள் குடும்பத்தோடு இருக்கட்டும், இங்கே எழுதவில்லை. எந்த நாளில் ஆரம்பித்தது, முதலில் வந்தது வலியா இமை இறக்கமா என்று அவர்கள் கேட்டபோது, உங்கள் கணவருக்குத் தெரியவில்லை. கிழமையோடு சொன்னது பையன்.