பேருந்து நிலையம் போனால் மையமும் போகுமா?

கேள்வி: வெளியூர்ப் பேருந்து முனையம் கிளாம்பாக்கத்துக்கு வந்துவிட்டதால், சென்னையின் மையமும் தெற்கே நகர்ந்துவிடும் என்று மனை விற்பவர்கள் சொல்கிறார்கள். நம்பலாமா? (தாம்பரம் வாசகர்)

பதில்: மனை விற்பவர்கள் வேறு எப்படிச் சொல்வார்கள்? அவர்கள் பேச்சை உரைத்துப் பார்க்கக் கோயம்பேடு ஒன்றே போதும். 1996இல் கொத்தவால் சாவடியின் காய்கறி மொத்த வியாபாரம் அங்கே பெயர்ந்தது. 2002இல் பாரிமுனையிலிருந்து வெளியூர்ப் பேருந்துகளும் அங்கே போயின. 2015இல் நகரின் முதல் மெட்ரோ தடம் திறக்கப்பட்டதும் கோயம்பேட்டுக்கும் ஆலந்தூருக்கும் இடையில்தான். இருபது ஆண்டுகளுக்குள் ஒரே வட்டாரத்தில் இத்தனையும் வந்து சேர்ந்தும், தீபாவளித் துணி எடுக்க யாரும் கோயம்பேட்டுக்குக் கிளம்புவதில்லை. மூட்டை இறங்கியதும் லாரி போய்விடும், பேருந்து வந்ததும் பயணி போய்விடுவார். வந்தவர் எப்போது கிளம்பலாம் என்று காத்திருக்கும் இடத்தில் கூட்டம் சேரும், மையம் உருவாகாது.

தியாகராய நகரைப் பாருங்கள். 1920களில் மாம்பலத்து நீண்ட ஏரியைத் தூர்த்து (இன்றைக்கு யாராவது அதைச் செய்தால் நான் வேறு மாதிரி எழுதுவேன்) மனைகளாகப் பிரித்தபோது, நடுவில் பனகல் பூங்காவையும் அதிலிருந்து பிரியும் அகலமான சாலைகளையும் முதலிலேயே ஒதுக்கிவிட்டார்கள். 1931இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியதும், மாம்பலத்தில் குடியிருந்துகொண்டு பாரிமுனையில் வேலை பார்ப்பது எளிதாயிற்று. குடித்தனங்களை நம்பிப் பள்ளிகளும், மருத்துவர்களும், கடைகளும் வந்தன. ரயிலிலிருந்து இறங்கியவர் உஸ்மான் சாலைக்கு நடந்து போகும் வழியாக இருந்த ரங்கநாதன் தெரு, அந்த நடையாலேயே கடைத்தெருவாயிற்று. வெளியூர்ப் பேருந்துகளின் தலைமை நிலையம் ஒருநாளும் அங்கே இருந்ததில்லை. ஒரே நடையில் பாத்திரம், பட்டு, நகை, பலகாரம் என்று நாலு காரியம் முடிந்ததால்தான் நகரத்தின் பாதி அங்கே வந்து நின்றது. அங்கே குடியிருப்பவர்களுக்கு அது நிம்மதியாக இருக்கிறதா என்பது வேறு கேள்வி.

கிளாம்பாக்கம் முனையம் திறக்கப்பட்டது 2023 டிசம்பர் 30ஆம் தேதி. வண்டலூரைத் தாண்டி, நெடுஞ்சாலையின் ஓரத்தில், ஊருக்குப் போகிறவர்களுக்காகக் கட்டப்பட்ட இடம் அது. அதைச் சுற்றி நடந்து போகும் தொலைவில் வேலையும், கல்லூரியும், மருத்துவமனையும், மாலையில் உட்கார ஒரு பூங்காவும் கூடி வந்தால், ஒரு தலைமுறை கழித்து அது ஒரு துணை மையமாகலாம். அதுவரை அது நல்ல பேருந்து நிலையம் மட்டுமே.

குடியிருப்பதற்காக மனை வாங்குவதானால், குடிதண்ணீர் கிடைக்குமா, மழைநீர் வடிய வழி இருக்கிறதா என்று ஐப்பசி மழையில் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வாங்குங்கள். நகர மையம் வரப்போகிறது என்பதற்காக ஏற்றிச் சொல்லும் தொகையை மட்டும், மையம் வந்த பிறகு தருகிறேன் என்று சொல்லிவிடுங்கள்.