போர்க்காலத்து ராணுவ விமானத் தளங்களின் விரிவான வரைபடங்களை எங்கே தேடுவது?

கேள்வி கேட்டவர் உளுந்தூர்பேட்டையில் உள்ள பழைய ஏரோட்ரோமைச் சொல்லியிருக்கிறார். கூகுள் மேப்பில் ஓடுதளத்தின் தடம் மட்டும்தான் தெரிகிறதாம். தளத்தின் எல்லை எது, விமானங்களை எங்கே நிறுத்தினார்கள், யாருடைய நிலமெல்லாம் போனது என்று காட்டும் விரிவான வரைபடம் வேண்டும் என்கிறார். நான் கடலூர்க்காரன், நில அளவைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அதனால் பதிலில் சர்வேயர் புத்தி கொஞ்சம் தூக்கலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கேள்வி வந்தாலே எல்லோரும் நேரே லண்டன் ஆவணக் காப்பகத்துக்குக் கை காட்டிவிடுகிறார்கள். லண்டனில் சரக்கு இருப்பது உண்மைதான், அதற்குப் பிறகு வருகிறேன். ஆனால் இங்கிலாந்தில் இருந்த தளங்களுக்குக் கிடைப்பது போல, கட்டடத்துக்குக் கட்டடம் எண் போட்ட தள வரைபடம் நம் ஊர்த் தளத்துக்கும் ஒரே தாளில் கிடைத்துவிடும் என்று நம்பி இறங்காதீர்கள். நம் பக்கத்துத் தளங்களுக்கு மிக நுணுக்கமான வரைபடத்தை வரைந்தது ராணுவம் இல்லை, வருவாய்த் துறை. நிலத்தை எடுத்தால் அளந்தாக வேண்டும், அளந்தால் வரைந்தாக வேண்டும். ஆகவே தாலுகா அலுவலகத்திலிருந்து தொடங்குங்கள் என்பதுதான் என் யோசனை.

பின்னணி ஒரு வரியில்: 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் விழுந்தது, ஏப்ரல் 5 அன்று கொழும்பிலும் மறுநாள் விசாகப்பட்டினம், காக்கிநாடாவிலும் ஜப்பானியக் குண்டுகள் விழுந்தன, நம் கடற்கரை போர்முனைக்குப் பக்கமாகிவிட்டது. தஞ்சாவூர், சோழவரம், அரக்கோணம், செட்டிநாடு, கயத்தாறு என்று தளங்கள் இருந்ததெல்லாம் இந்தப் போர்க்காலத்தில்தான். உளுந்தூர்பேட்டையும் அந்த வரிசைதான். நெய்வேலியில் உள்ள ஓடுதளத்தையும் சிலர் இந்தக் கணக்கில் சேர்க்கிறார்கள். அது போர்க்காலத்தது இல்லை, பழுப்பு நிலக்கரி நிறுவனம் வந்த பிறகு அவர்கள் போட்டுக்கொண்டது.

அப்போது நிலத்தை இரண்டு வழியில் எடுத்தார்கள். ஒன்று, இந்தியப் பாதுகாப்பு விதிகளின் 75-ஏ விதிப்படி தற்காலிகமாகக் கைப்பற்றுவது. உரிமை நிலத்துக்காரரிடமே இருக்கும், அனுபவம் மட்டும் ராணுவத்துக்கு, அதற்கு ஈட்டுத்தொகை உண்டு. மற்றொன்று, 1894ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டப்படி நிரந்தரமாக எடுத்துக்கொள்வது. வரைபடம் தேடுகிறவருக்கு இந்த வித்தியாசம் ரொம்ப முக்கியம். கைப்பற்றித் திருப்பிக் கொடுத்த நிலம் என்றால் நில ஆவணத்தில் தடமே இல்லாமல் போயிருக்கலாம். நிரந்தரமாக எடுத்த நிலம் என்றால் புலத்தை, அதாவது ஒரு சர்வே எண்ணுக்கு உரிய நிலத்துண்டை, உட்பிரிவு செய்திருப்பார்கள், அந்த உட்பிரிவுக் கோடு அந்தத் துண்டின் அளவு வரைபடமான புலப்படத்தில் இன்றும் நிற்கும்.

கோட்டை அடையாளம் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. நம் ஊர் வயல் எல்லை வரப்பையும் வாய்க்காலையும் ஒட்டி வளைந்து நெளிந்துதான் போகும். விமானத் தளத்துக்காக வெட்டிய கோடு வரப்பைப் பற்றிக் கவலைப்படாமல், நாலைந்து புலங்களைக் குறுக்கே அறுத்துக்கொண்டு நேராகப் போகும். அடுத்தடுத்த புலப்படங்களில் அந்தக் கோடு ஒரே திசையில் தொடர்ந்தால் நீங்கள் தளத்தின் எல்லையைப் பிடித்துவிட்டீர்கள். அதோடு, ஒவ்வொரு சர்வே எண்ணும் எந்த வகை நிலம், யாருடையது என்று காட்டும் அ-பதிவேட்டைப் பாருங்கள். பட்டா நிலங்களுக்கு நடுவே திடீரென்று நீளமான ஒரு துண்டு புறம்போக்கு என்றோ பாதுகாப்புத் துறை நிலம் என்றோ பதிவாகியிருந்தால் சந்தேகமே வேண்டாம். புலப்படத்தில் உள்ள ஜி-லைன் (மூலைகளை இணைக்கும் அளவுக் கோடு), எஃப்-லைன் (எல்லைக் கோடு) அளவுகளை வைத்து அந்தத் துண்டை வீட்டிலேயே தாளில் திரும்ப வரைந்துவிடலாம். எந்த ராணுவ வரைபடத்திலும் இந்தத் துல்லியம் வராது.

புலப்படமும் அ-பதிவேடும் தமிழக அரசின் இ-சேவைத் தளத்தில் வீட்டிலிருந்தே எடுக்கலாம். மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே எண் தெரிந்தால் போதும். ஆனால் அதில் வருவது இன்றைய நிலை. உங்களுக்குப் பழைய கிராம வரைபடம் வேண்டும். மைலுக்கு 16 அங்குலம், அதாவது 1:3960 அளவில் போட்டது. வட்ட அலுவலகத்தில் இல்லையென்றால் சென்னை சேப்பாக்கத்தில் உள்ள மத்திய நில அளவை அலுவலகத்தில் கேளுங்கள். ஓர் அலுவலகத்தில் "அதெல்லாம் செல்லரித்துப் போச்சு சார்" என்று எனக்கே பதில் வந்தது, அதே துறையில் இருந்தவன் என்று தெரிந்தும்! வாய்மொழியாகக் கேட்டு அலைவதை விட 10 ரூபாய் கட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் எழுதிக் கேட்பது மேல். எழுத்தில் பதில் சொல்ல வேண்டும் என்றால் அலமாரி திறக்கும்.

சர்வே எண்ணே தெரியாது என்றால் எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம்தான் வழி. புனித ஜார்ஜ் கோட்டை அரசிதழில் நில எடுப்பு அறிவிப்புகள் கிராமம், சர்வே எண், பரப்பு, உரிமையாளர் பெயரோடு வரும். 1942 முதல் 1946 வரையிலான தொகுப்புகளில் தென்னார்க்காடு மாவட்டத்தின் கீழ் தேடுங்கள். இன்று உளுந்தூர்பேட்டை கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இருந்தாலும் அந்தக் காலத்துக் கோப்பு கடலூர் கலெக்டர் பெயரில்தான் ஓடியிருக்கும். தென்னார்க்காடு பிரிந்தது 1993இல், கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது 2019இல். உங்கள் தாத்தா, பாட்டன் பெயரே அந்த அறிவிப்பில் கிடைத்தாலும் ஆச்சரியப்பட வேண்டாம்.

அப்புறம் இந்திய நில அளவைத் துறையின் தாள்கள். உளுந்தூர்பேட்டை 58 எம்/6 தாளில் வரும். பழைய தாள் மைலுக்கு ஓர் அங்குலம், பிறகு வந்தது 1:50,000. சிக்கல் என்னவென்றால், கடற்கரையிலிருந்து 80 கிலோமீட்டருக்குள் வரும் பகுதிகளின் தாள்களை நெடுங்காலம் பொதுமக்களுக்குத் தராமல் வைத்திருந்தார்கள். நம் பகுதி பெரும்பாலும் அதில் மாட்டியது. 2005ஆம் ஆண்டு வரைபடக் கொள்கைக்குப் பிறகு பொதுப் பயன்பாட்டுக்கென்று தனி வரிசை வந்தது, இணையத்திலும் இறக்கிக்கொள்ளலாம். ஆனால் ராணுவ இடங்களை எடுத்துவிட்டுத்தான் அந்த வரிசையைப் போடுகிறார்கள். விமானத் தளம் தேடுகிறவருக்கு அதனால் பெரிய லாபம் இல்லை.

இதைவிட அமெரிக்கர்கள் போட்ட யூ-502 வரிசை பயன்படும். அமெரிக்க ராணுவ வரைபடப் பிரிவு 1950களில் 1:250,000 அளவில் இந்தியா முழுவதுக்கும் போட்டது. டெக்சாஸ் பல்கலைக்கழக நூலகத் தளத்தில் இலவசம். கடலூர், புதுச்சேரி, உளுந்தூர்பேட்டை எல்லாம் என்.சி. 44 என்று தொடங்கும் தாள்களில் வரும். விமானத் தளங்களுக்குத் தனிக் குறியீடு உண்டு. எந்த ஊர்ப் பக்கம் தளம் இருந்தது என்று பார்க்க அது போதும், விவரம் எதிர்பார்க்க முடியாது.

விவரம் வேண்டும் என்றால் கொரோனா படங்களுக்குப் போங்கள். நோய் இல்லை, அமெரிக்க உளவுச் செயற்கைக்கோள். 1960 முதல் 1972 வரை ஃபிலிமில் எடுத்த 8 லட்சத்துக்கும் மேற்பட்ட படங்களின் ரகசியத்தை 1995இல் நீக்கினார்கள். அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறையின் எர்த் எக்ஸ்ப்ளோரர் தளத்தில் கணக்குத் தொடங்கி, ரகசியம் நீக்கப்பட்ட படங்கள் என்ற பிரிவில் உங்கள் ஊரைக் கட்டம் போட்டுத் தேடலாம். யாராவது ஏற்கெனவே பணம் கட்டி ஸ்கேன் செய்த படம் என்றால் இலவசம். இல்லையென்றால் நீங்கள் கட்ட வேண்டும், அதன் பிறகு அது எல்லோருக்கும் இலவசமாகிவிடும். 1967க்குப் பிறகு எடுத்தவற்றைத் தேர்ந்தெடுங்கள், அவற்றில் 2 மீட்டர் அளவுள்ள பொருள்கூடத் தெரியும். ஓடுதளம் பளிச்சென்று தெரியும், அதிலிருந்து கிளை பிரியும் பாதைகளும் விமானங்களைக் குண்டுவீச்சுக்குத் தப்பச் சிதறவிட்டு நிறுத்திய சிமெண்ட் திட்டுகளும் தெரியும். போர் முடிந்து இருபது இருபத்தைந்து வருடம்தான் ஆகியிருக்கிறது, மனைப்பிரிவும் நான்குவழிச் சாலையும் அப்போது ஏது? இந்த ஒரு படத்துக்காக மற்ற எல்லா வேலையையும் தள்ளிவைக்கலாம் என்பேன்.

சோழவரத்தை வைத்துப் பழகிப் பாருங்கள். அந்தத் தளத்தில் பல வருடம் கார், பைக் பந்தயம் நடந்தது. இருங்காட்டுக்கோட்டைத் தடம் வரும்வரை சென்னைப் பந்தயக்காரர்களுக்கு அதுதான் தாய்வீடு. அதனால் ஓடுதளத்தின் வடிவம் பலருக்கும் பழக்கம், படத்தில் அடையாளம் காண்பதும் எளிது.

பழைய வரைபடத்தை இன்றைய படத்தின் மேல் பொருத்துவதற்கு க்யூஜிஐஎஸ் என்ற இலவச மென்பொருள் போதும். ஆனால் தாளின் ஓரத்தில் உள்ள அட்சரேகை, தீர்க்கரேகையை அப்படியே உள்ளிடாதீர்கள். பழைய தாள்கள், பூமியின் வடிவத்துக்கு அக்காலத்தில் வைத்திருந்த எவரெஸ்ட் கோள அளவில் போட்டவை, கைபேசி ஜிபிஎஸ் காட்டுவது வேறு அளவு. நம் பக்கத்தில் நூறு மீட்டருக்கு மேல் தள்ளி உட்காரும், ஓடுதளம் பக்கத்து ஏரிக்குள் போய்விடும். மாறாத இடங்களைப் பிடித்துப் பொருத்துங்கள்: கோவில், ஏரிக்கரை மூலை, விழுப்புரம்–விருத்தாசலம் ரயில் பாதையின் வளைவு.

சரி, லண்டன். அங்கே கியூ (Kew) என்ற பகுதியில் உள்ள பிரிட்டன் தேசிய ஆவணக் காப்பகத்தில் 'ஏர் 27' என்பது படைப்பிரிவுகளின் நாட்குறிப்பு, 'ஏர் 28' என்பது விமானத் தளங்களின் நாட்குறிப்பு. உங்களுக்கு வேண்டியது இரண்டாவது. எந்த மாதம் ஓடுதளம் தயார், எப்போது மழையில் மூழ்கியது என்பதெல்லாம் அதில்தான் வரும், சிலவற்றில் பின்னிணைப்பாக வரைபடமும் இருக்கும். தேடும்போது அக்கால வெள்ளைக்காரர் எழுத்துக்கூட்டலைப் போடுங்கள்: தஞ்சாவூர் என்றால் டாஞ்சூர், திருச்சி என்றால் டிரிச்சினாப்பலி, உளுந்தூர்பேட்டை என்றால் உளுண்டர்பேட். பிரிட்டிஷ் நூலகத்தின் இந்திய அலுவலக ஆவணங்களிலும் ஒரு சுற்றுப் பாருங்கள். படைப்பிரிவின் எண் தெரிந்தால் 'ஏர் 27' வழியாகவும் வரலாம். செங்குன்றம் ஏரியில் கேடலினா நீர்விமானங்களை வைத்திருந்த 240ஆம் படைப்பிரிவு ஓர் உதாரணம்.

ஒரு தளத்தை நடத்தியது விமானப்படையா, கடற்படையா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். சூலூரும் தாம்பரமும் பிரிட்டிஷ் கடற்படை விமானப் பிரிவிடமும் இருந்தன, சூலூருக்கு வைரி என்றும் தாம்பரத்துக்கு வல்லூறு என்றும் கப்பல் மாதிரிப் பெயர் வைத்தார்கள். நல்ல ரசனைக்காரர் யாரோ அங்கே உட்கார்ந்திருக்கிறார்! அந்தக் கோப்புகள் 'ஏர்' வரிசையில் அகப்படாது, அட்மிரால்டி, அதாவது பிரிட்டிஷ் கடற்படைத் தலைமையக வரிசையில் தேட வேண்டும்.

புதுச்சேரிப் பக்கம் தேடுகிறவர்களுக்குக் கணக்கே வேறு. 1940 செப்டம்பரில் அங்கிருந்த பிரெஞ்சு ஆளுநர் பொன்வேன், ஜெர்மனியை எதிர்த்துப் போரைத் தொடர்ந்த பிரெஞ்சுத் தலைவர் டி கோலின் பக்கம் சாய்ந்துவிட்டார், அதனால் பிரிட்டிஷாருக்கு நட்பு மண்தான். ஆனாலும் பிரிட்டிஷ் இந்தியச் சட்டம் அங்கே செல்லாது, 75-ஏ கோப்பு எதுவும் இருக்காது. பாகூர், வில்லியனூர் எல்லையில் பிரெஞ்சுக் கிராமமும் பிரிட்டிஷ் கிராமமும் மாறி மாறி வரும், ஒரே ஏரிக்கு இரண்டு ஆட்சி. நிலப் பத்திரத்தில் மறு அளவை எண்ணோடு பிரெஞ்சுக் காலக் கடாஸ்தர் (நிலப் பதிவேட்டு) எண்ணும் இருக்கும், பழைய வரைபடத்தைத் தேட அந்த இரண்டாவது எண்தான் உதவும். காலனி நிர்வாகக் கோப்புகள் பிரான்சில் எக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸ் நகரக் காப்பகத்தில் இருக்கின்றன, பிரெஞ்சு தெரிந்த ஆள் துணைக்கு வேண்டும். நில அளவைத் துறைத் தாளிலும் புதுச்சேரி 57 பி (P), 58 எம் என்ற இரண்டின் விளிம்பில் விழுகிறது. ஒரு தாளை மட்டும் வாங்கினால் ஒரு பக்கம் விட்டுப்போகும்.

தஞ்சாவூரும் அரக்கோணமும் இன்றும் படைகளின் கையில் இருப்பவை, அங்கே போய் வேலி ஓரம் நின்று படம் எடுக்க வேண்டாம். உளுந்தூர்பேட்டைக்கு அக்கம்பக்கக் கிராமத்தின் பெயரும் ஒரே ஒரு சர்வே எண்ணும் கிடைத்தால் கீழே எழுதுங்கள். எந்தப் புலப்படத்திலிருந்து கோட்டைப் பிடிக்கலாம் என்று பார்த்துச் சொல்கிறேன்.