தொட்டியில் கொடி வளர்த்துச் சுவரை மறைக்க முடியுமா?

கேள்வி: திருச்சியில் தனி வீடு. போர்டிகோவுக்குப் பக்கத்தில் அடுத்த வீட்டுக்காரரின் பூசாத செங்கல் சுவர் 15 அடி நீளத்துக்கு, 8 அடி உயரத்துக்கு நிற்கிறது. தரை முழுவதும் சிமென்ட் என்பதால் தொட்டியில்தான் வைக்க முடியும். மதியம் முதல் மாலை வரை வெயில் அந்தச் சுவரில்தான் விழுகிறது. ஆண்டு முழுவதும் பச்சையாக இருக்கும் கொடி வேண்டும். இங்கிலீஷ் ஐவி வைத்தால் ஆறே மாதத்தில் மூடிவிடும் என்று நர்சரியில் சொல்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். ஐவி குளிர்ப் பிரதேசத்துக் கொடி. ஊட்டியிலும் கொடைக்கானலிலும் நன்றாக இருக்கும். மாலை வெயிலை வாங்கிக்கொண்டு, இருட்டிய பிறகும் அனல் வீசும் செங்கல் சுவருக்கு முன்னால், சித்திரை மாதத்தைத் திருச்சியில் அது தாண்டாது. இது விற்பவருக்கும் தெரியும். செடி கருகினால் நீங்கள் தண்ணீர் ஊற்றியது சரியில்லை என்று சொல்லிவிடலாம் என்பதும் அவருக்குத் தெரியும்.

உங்கள் சுவருக்கு நான் இரண்டு கொடிகளையே சொல்வேன். ஒன்று, கர்ட்டன் கிரீப்பர் என்ற பெயரில் கிடைப்பது. பூவுக்காக யாரும் இதை வளர்ப்பதில்லை. சாம்பல் கலந்த பச்சை இலைகளோடு மெல்லிய கிளைகள் திரைச்சீலை போலத் தொங்குவதுதான் இதன் பயன். நூல் போல நீண்டு எதையாவது சுற்றிப் பற்றிக்கொள்ளும் பற்றுக்கம்பி இதற்குக் கிடையாது. ஆகையால் உச்சியை எட்டும்வரை தேங்காய் நார்க் கயிற்றால் நீங்கள்தான் கட்டிவிட வேண்டும். எட்டிய பிறகு தானாகவே கீழே சரியும். மற்றொன்று பூண்டுக்கொடி. இரண்டிரண்டாக இலை விட்டு, நடுவில் பற்றுக்கம்பியை நீட்டி, மெல்லிய கம்பியைச் சுற்றிக்கொண்டு ஏறும். ஊதாப் பூக்கள் விரிந்து, நாளாக நாளாக வெளுக்கும். வாங்கும்போது ஓர் இலையைக் கசக்கி முகர்ந்து பாருங்கள். பூண்டு வாசனை வரவில்லை என்றால் அது வேறு கொடி.

முகர்ந்து பார்க்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பத்து ரூபாய் பிஸ்கட் பொட்டலத்தில்கூட உள்ளே என்ன இருக்கிறது, யார் செய்தது என்று அச்சிட வேண்டியிருக்கிற நாட்டில், முந்நூறு ரூபாய்ச் செடியில் அதன் பெயரை எழுதி ஒட்டச் சொல்லிக் கேட்பார் இல்லை. மாடித் தோட்டத்துக்கென்று காய்கறி விதையும் பையும் அரசு மானிய விலையில் கொடுக்கிறது, நல்ல காரியம். ஆனால் எந்த வெயிலுக்கு எந்தக் கொடி என்று ஒரு குடும்பத்தலைவி கேட்டால் பதில் சொல்ல ஆள் இல்லாததால், அந்த இடத்தில் தரகர்கள் வந்து உட்கார்ந்துகொள்கிறார்கள்.

அவர்களில் ஒரு சாரார் கையளவுப் பைகளில் செடியை அடுக்கி, சுவரையே ஒரே நாளில் பச்சையாக்கி, பராமரிப்புக்கென்று மாதக் கட்டணமும் வாங்குவார்கள். கோடையில் அந்தப் பை நண்பகலுக்குள் காய்ந்துவிடும். செத்த செடிக்கு மாற்றுச் செடியும் உங்கள் செலவில்தான் வரும். இன்னொரு சாரார் ஆறடி உயரக் கொடியைச் சிறிய பையில் வைத்துக் கூடுதல் விலைக்குக் கொடுப்பார்கள். பையின் அடியைத் தூக்கிப் பாருங்கள். துளை வழியாகத் தடித்த வேர் வெளியே வந்திருந்தால், உள்ளே வேர் சுருண்டு இறுகிப்போயிருக்கிறது என்று பொருள். இரண்டடி உயரத்தில், பூவே இல்லாமல், அடியிலிருந்தே கிளைத்திருக்கும் செடிதான் உங்களுக்கு வேண்டியது.

கொடி ஏற இரும்புச் சட்டமே தேவையில்லை, தானாகவே சுவரில் ஒட்டிக்கொள்ளும் என்று கிரீப்பிங் ஃபிக் எனப்படும் அத்தி வகைக் கொடியையும் காட்டுவார்கள். அது வெயிலைத் தாங்கும், எப்போதும் பச்சையாக இருக்கும் என்பதெல்லாம் உண்மையே. ஆனால் அது வேரால் சுவரைப் பிடித்து ஏறுகிறது. பிய்த்து எடுத்தால் பூச்சும் வண்ணமும் கூடவே வரும், வேர்த்தடம் போகாது. சுவர் உங்களுடையதாக இருந்து, விரிசலின்றி உறுதியாக இருந்து, இனி அதில் வண்ணமே அடிக்கப் போவதில்லை என்றும் இருந்து, ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை கத்தரித்துவிடவும் நீங்கள் தயாராக இருந்தால் மட்டும் அதை வைக்கலாம். இந்த நான்கில் ஒன்று குறைந்தாலும் வேண்டாம். நீங்கள் மறைக்க நினைக்கும் சுவரோ அடுத்தவருடையது. அதில் அவர் நாளைக்கே சாரம் கட்டிப் பூச வரலாம். அதே காரணத்தால் அந்தச் சுவரில் ஆணியும் அடிக்காதீர்கள். இரும்புக் குழாயில் தனிச் சட்டம் செய்து, இரண்டங்குலக் கண் உள்ள வெல்டு மெஷ் (பற்றவைத்த கம்பி வலை) பொருத்தி, சுவரிலிருந்து அரையடி தள்ளி நிறுத்துங்கள். காற்றுக்குச் சாயாதபடி கால்களை உங்கள் தரையிலேயே போல்ட் போட்டு இறுக்கச் சொல்லுங்கள்.

கொடியைவிடத் தொட்டிதான் முக்கியம். 15 அடிக்கு மூன்று தொட்டி போதும். ஒவ்வொன்றும் ஒன்றரை அடி அகலமும் அதே ஆழமுமாவது இருக்க வேண்டும். பாதியாக அறுத்த 200 லிட்டர் பிளாஸ்டிக் டிரம் இன்னும் நல்லது. வெயில் படும் பக்கத்துக்கு வெள்ளை அடித்துவிடுங்கள், இல்லையென்றால் உள்ளே வேர் வெந்துபோகும். அடியில் துளைகள் போட்டு, செங்கல்லின் மேல் தூக்கி வையுங்கள். செம்மண் இரண்டு பங்கு, மட்கிய சாணம் ஒரு பங்கு, ஆற்று மணல் ஒரு பங்கு. வெறும் தேங்காய் நார்க் கழிவில் நட்டுத் தரும் தொட்டியை ஏற்காதீர்கள். அது ஒருமுறை நன்றாகக் காய்ந்துவிட்டால், ஊற்றும் தண்ணீர் உள்ளே இறங்காமல் ஓரமாக வழிந்து போய்விடும், மேலே மட்டும் ஈரமாகத் தெரியும்.

ஆடிக் காற்று அடங்கிய பிறகு, புரட்டாசியில் நடுங்கள். மழைக்காலம் முழுவதும் வேர் இறங்கி, கோடையைத் தாங்கும் நிலைக்கு வந்துவிடும். கோடையில் தினமும் காலையில், அடித்துளை வழியாக வடியும்வரை ஊற்றுங்கள். வாரம் ஒருமுறை சுவர்ப் பக்கத்து இலைகளைக் குழாய்த் தண்ணீரால் பீய்ச்சிக் கழுவுங்கள். மாவுப்பூச்சி கண்ணுக்குப் படாத அந்தப் பக்கத்தில்தான் கூடு கட்டும். ஆறு மாதத்தில் எதுவும் மூடாது, ஒன்றரை ஆண்டாவது ஆகும். அதுவரை சட்டத்தின் பின்புறம் பச்சை நிழல்வலை கட்டிவையுங்கள், கொடி அடர்ந்ததும் அவிழ்த்துவிடலாம்.