மரமில்லாத ஊரில் மகரந்தமா? டாக்டரிடம் கேள்வி பதில்

பொள்ளாச்சியிலிருந்து: தம்பி குவைத்தில் இருக்கிறானுங்க. செப்டம்பர் வந்தால் தும்மல், கண் அரிப்பு. மணல் புழுதிதான் காரணம் என்கிறான்.

பதில்: புழுதியும் மூக்கை எரிக்கும். ஆனால் கண் அரித்து, வருஷா வருஷம் அதே மாதத்தில் வந்தால் நான் முதலில் மகரந்தத்தைத்தான் சந்தேகிப்பேன். அங்கே சால்சோலா என்று ஓர் உவர்நிலச் செடி உண்டு, பூ கண்ணுக்கே படாது, காற்றை நம்பியே பிழைக்கிற செடி என்பதால் மகரந்தத்தை வாரி இறைக்கும். அப்புறம் பசுமைக்காக மனிதர்களே நட்ட மரங்கள். அதில் நம்ம காங்கேயம் பக்கம் காட்டோரம் நிற்கிற சீமைக்கருவேலமும் ஒன்று, வளைகுடா நாடுகளில் அதன் மகரந்தம் பலருக்கு ஒவ்வாமை தருகிறது.

திருப்பூரிலிருந்து: குவைத்தில் பூசணத்தாலும் ஒவ்வாமை வரும் என்கிறார்கள். மழையே இல்லாத ஊரில் பூசணம் எப்படிங்க வரும்?

பதில்: தண்ணீர் பாய்ச்சுகிற புல்தரையும் உதிர்ந்த சருகும் போதும். ஆல்டர்னேரியா, கிளாடோஸ்போரியம் என்ற இரண்டு பூசணங்களின் வித்துகளிலும் இருக்கும் கருநிறமி கடும் வெயிலைத் தாங்க உதவுகிறது. வறண்ட காற்று வீசினால் கிளம்பிவிடும். ஆஸ்துமாக்காரர்கள் ஆல்டர்னேரியாவை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

கோபியிலிருந்து: மழை பெய்தால் காற்று சுத்தமாகிவிடும்தானே அக்கா?

பதில்: நிதானமாகப் பெய்தால் சரி. இடிமழை வேறு கதை. முழு மகரந்தம் பெரும்பாலும் மூக்கிலேயே சிக்கிக்கொள்ளும், அது ஈரத்தில் ஊறி வெடித்தால் உள்ளிருக்கும் நுண்துகள் நேராக நுரையீரலுக்குள் போகும். 2016 நவம்பர் 21 மாலை மெல்பர்னில் இப்படித்தான் ஆயிரக்கணக்கானோர் மூச்சுத் திணறி மருத்துவமனைக்கு ஓடினார்கள், 10 பேர் இறந்தார்கள். அடுத்த பத்தே நாளில், டிசம்பர் 1 அன்று, குவைத்திலும் இடிமழையோடு ஆஸ்துமா அலை வந்தது. மெல்பர்னில் பாதிக்கப்பட்டவர்களில் நிறையப் பேருக்கு அதற்கு முன் மூக்குத் தொந்தரவு மட்டும்தான், ஆஸ்துமா இருந்ததே இல்லை. உங்கள் வீட்டு ஆள் குவைத்தில் இருந்தால் இதை இன்றே போனில் சொல்லுங்கள்.

பெருந்துறையிலிருந்து: அப்போ அவங்க என்ன செய்யணும்?

பதில்: இடி, புழுதிக்காற்று நேரத்தில் ஜன்னலைச் சாத்திவிட்டு உள்ளே இருக்கணும். வெளியே போய் வந்ததும் தலைக்குக் குளித்து உடை மாற்றணும், துணியை வீட்டுக்குள்ளே காயப்போடணும். டாக்டர் எழுதிய மூக்கு ஸ்பிரேயைப் பருவத்துக்கு முன்பே தொடங்கித் தினமும் அடிக்கணும், தும்மல் வந்த அன்றைக்கு மட்டும் அடித்தால் பலன் குறைவு. நெஞ்சில் விசில் சத்தம் கேட்டால் தாமதிக்காமல் டாக்டரிடம் போகட்டும்.

பல்லடத்திலிருந்து: நம்ம ஊரில் எதற்குப் பயப்படணுங்க?

பதில்: பார்த்தீனியம். பூ வைப்பதற்கு முன்பே கையுறை போட்டு வேரோடு பிடுங்குங்கள்.