செகோவியாவில் தனியாக மூன்று நாள்

கேள்வி: ஜூன் மாதம் அலுவலக வேலையாக மாட்ரிட் போகிறேன். வேலை முடிந்ததும் பக்கத்தில் இருக்கும் செகோவியாவில் மூன்று நாள் தனியாகத் தங்க ஆசை. "மாட்ரிட் என்றால் ஆள் நடமாட்டம் இருக்கும், சின்ன ஊரில் ராத்திரி என்னடி செய்வாய்?" என்று அம்மா பயப்படுகிறார். எனக்கு ஸ்பானிஷும் தெரியாது. போகலாமா?
– ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: தாராளமாகப் போங்கள். அம்மாவின் பயம் எனக்குப் புரிகிறது, ஆனால் அந்தப் பயத்தை வேறு நேரத்துக்கு மாற்றி வைக்க வேண்டும். நம் ஊரில் இருட்டினால் வீடு திரும்பிவிட வேண்டும் என்று சொல்லியே வளர்த்தார்கள். ஸ்பெயினின் சின்ன ஊர்களில் கடிகாரமே வேறு. ஜூனில் ஒன்பதரை மணிக்கும் வெளிச்சம் இருக்கும், இரவுச் சாப்பாடே அதற்கப்புறம்தான். நான் போனபோது ராத்திரி பதினொரு மணிக்கு, ரோமானியர் கட்டிய அந்தப் பெரிய நீர்ப்பாலத்துக்குக் கீழே ஒரு குட்டிப் பெண் பந்து உதைத்துக்கொண்டிருந்தாள், அவள் பாட்டி பெஞ்சில் உட்கார்ந்து இன்னொரு பாட்டியோடு கதை பேசிக்கொண்டிருந்தார். அங்கிருந்து ஊரின் பெரிய சதுக்கமான பிளாஸா மயோர் வரை ஏறும் கடைத்தெருவிலும் குடும்பம் குடும்பமாக நடந்துகொண்டே இருந்தார்கள்.

வெறிச்சோடுவது மதியம்தான். இரண்டு மணியிலிருந்து ஐந்து மணிவரை பல கடைகளுக்கு ஷட்டர் இறங்கிவிடும், பழைய நகரத்துச் சந்துகளில் வழி கேட்கக்கூட ஆள் இருக்காது. ஆபத்து என்று சொல்லமாட்டேன், ஆனால் போன் சார்ஜ் இல்லாமல் அந்த நேரத்தில் வழி தவறி நிற்காதீர்கள்.

நான் உண்மையாகவே கவலைப்படுவது நீங்கள் ஊருக்குள் போய்ச் சேரும் அந்த அரை மணி நேரத்தைப் பற்றித்தான். மாட்ரிட் சமார்த்தின் ஸ்டேஷனிலிருந்து அதிவேக ரயில் அரை மணி நேரத்தில் கொண்டுபோய் விட்டுவிடும், ஆனால் இறங்கும் கியோமார் ஸ்டேஷன் ஊரிலிருந்து ஐந்தாறு கிலோமீட்டர் தள்ளி வெட்டவெளியில் நிற்கிறது, சுற்றிலும் காய்ந்த புல்லைத் தவிர எதுவும் கிடையாது. 11-ஆம் எண் பஸ் நீர்ப்பாலத்தில் இறக்கிவிடும். ரயிலில் இறங்கியதும் போட்டோ எடுத்துக்கொண்டு நிற்காமல் நேராகப் பஸ்ஸில் ஏறுங்கள். பகல் ரயிலாகவே பதிவு செய்யுங்கள், கடைசி ரயில் வேண்டவே வேண்டாம்.

ஊருக்குள் இரண்டு இடத்தில் மட்டும் கவனம். இன்ஃபாந்தா இசபெல் தெரு முழுக்க பார்கள், வெள்ளி, சனி பின்னிரவில் குடித்துவிட்டுக் கத்துவார்கள், அதனால் அறையை அங்கிருந்து தள்ளி எடுங்கள். அடுத்தது, அல்காஸர் கோட்டைக்குக் கீழே எரெஸ்மா ஆற்றோரப் பாதை. வேரா குரூஸ் தேவாலயம் பக்கம் நின்று கோட்டையை அண்ணாந்து பார்க்காமல் திரும்பாதீர்கள், ஆனால் காலையில் போங்கள், பொழுது சாய்ந்தபின் தனியாக இறங்க வேண்டாம். பையை இறுகப் பிடிக்க வேண்டியது மாட்ரிட் மெட்ரோவில், அங்கேதான் பிக்பாக்கெட் தொல்லை அதிகம்.

பாஷைக்குப் பயப்படாதீர்கள். யாராவது பின்னாலேயே வந்தால் "தேஹமே!" என்று சத்தமாகச் சொல்லுங்கள், என்னை விடு என்று அர்த்தம். சிரித்து மழுப்ப வேண்டாம். உதவிக்கு "ஆயூதா!" என்று கத்திவிட்டு, திறந்திருக்கிற பாருக்குள் நுழைந்துவிடுங்கள். அங்கே பார் என்றால் பாட்டிகள் காபி குடிக்கும் இடமும் அதுதான், ஒரு பெண் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டால் யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அவசரத்துக்கு 112. பெண்கள் மீதான வன்முறைக்கென்றே 016 இருக்கிறது, 24 மணி நேரமும் இலவசம், வேறு மொழிகளிலும் பேசலாம். போலீஸுக்கு இருப்பிடத்தை அனுப்பும் அலர்ட்காப்ஸ் செயலியை இங்கிருந்தே போனில் ஏற்றிப் பதிவு செய்துவிடுங்கள். பாஸ்போர்ட் தொலைந்தால் முதலில் போலீஸில் புகார், அந்தத் தாளோடு மாட்ரிட்டில் இருக்கும் நம் தூதரகம்.

அப்புறம் அம்மா. ஜூனில் ஸ்பெயின் நமக்கு மூன்றரை மணி நேரம் பின்னால். நீங்கள் இரவுச் சாப்பாட்டுக்கு உட்காரும்போது திருப்பூரில் நள்ளிரவு தாண்டியிருக்கும், போன் வரவில்லையே என்று அவர் தூங்காமல் கிடப்பார். அதனால் அந்த வெறிச்சோடிய மதியத்தில் அறைக்குத் திரும்பி, நான்கு மணிக்கு வீடியோ கால் போடுங்கள். அம்மாவுக்கு அப்போது மாலை ஏழரை.