பயப்படுகிற நாளில்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

விசுவாச வாழ்க்கையில் பயத்தைப் பற்றிக் கேட்கலாம் என்று சொல்லியிருந்தேன். நாற்பதுக்கு மேல் கேள்விகள் வந்துவிட்டன. முப்பது வருஷமாக வேத வகுப்பு எடுக்கிறவன் என்கிற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். என் எல்லைக்கு வெளியே இருப்பதை உரியவர்களிடம் அனுப்புகிறேன்.

ஐயா, பயப்படுவது பாவமா? வேலை போய்விடுமோ என்று தினமும் நடுங்குகிறேன். விசுவாசம் இருந்தால் பயம் வராது என்று ஒருவர் சொல்லிவிட்டார்.

தம்பி, அப்படிச் சொன்னவர் மாற்கு 14:33-ஐ மறந்துவிட்டார். சிலுவைக்கு முந்தின இரவு கெத்செமனே தோட்டத்தில் இயேசு "திகிலடையவும், மிகவும் வியாகுலப்படவும் தொடங்கினார்" என்றுதான் எழுதியிருக்கிறது. பாவமில்லாதவருக்கே திகில் வந்தது. அதை அவர் என்ன செய்தார் என்று பாருங்கள். பேதுரு, யாக்கோபு, யோவான் மூவரையும் கூட அழைத்துக்கொண்டார். "என் ஆத்துமா மரணத்துக்கேதுவான துக்கங்கொண்டிருக்கிறது" என்று அவர்களிடம் வாய்விட்டுச் சொன்னார். அப்புறம் தரையில் விழுந்து பிதாவிடம் பேசினார். நீங்கள் வீட்டில் யாரிடமாவது இதைச் சொன்னீர்களா? முதலில் அதைச் செய்யுங்கள்.

வேதத்தில் "பயப்படாதே" என்று 365 முறை வருகிறதாமே, நாளுக்கு ஒன்றாக?

வராது. எந்தச் சொல் வேதத்தில் எங்கெங்கே வருகிறது என்று காட்டும் ஒத்தவாக்கிய நூலை எடுத்து எண்ணிப் பாருங்கள். ஆனால் அந்தச் சொல் வரும் இடங்களில் அடுத்த வரியையும் படியுங்கள். ஏசாயா 41:10-இல் "நீ பயப்படாதே" என்றவுடன் "நான் உன்னுடனே இருக்கிறேன்" என்று வருகிறது. அந்தக் காரணம் ஒரு முறை வந்தாலே போதும்.

எரேமியா 29:11, "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்பது இந்த வருஷத்துக்கு எனக்குக் கிடைத்த வாக்குத்தத்த வசனம். வருஷம் முடியப்போகிறது, ஒன்றும் மாறவில்லையே?

சகோதரி, உங்கள் மனவருத்தம் புரிகிறது. தயவுசெய்து அந்த வசனத்துக்கு ஒரு வரி மேலே போங்கள். பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதம் அது. பத்தாம் வசனம் எழுபது வருஷம் என்கிறது. அதற்கு முந்தின அதிகாரத்தில் அனனியா என்கிற தீர்க்கதரிசி இரண்டே வருஷத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்கிறான். கேட்க இனிமையாக இருந்தது, பொய்யாகப் போனது. "வீடுகளைக் கட்டுங்கள், தோட்டங்களை நாட்டுங்கள்" என்பது கர்த்தர் சொன்னது. காத்திருக்கிற காலத்திலேயே வாழச் சொல்கிறார். தனி வசனத்தைப் பிய்த்து எடுக்காதீர்கள் என்று வகுப்பில் ஓயாமல் சொல்வேன். பிய்த்த வசனம் நெருக்கத்தில் கையைவிட்டுவிடும்.

பதற்றத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். ஜெபம் போதும், நிறுத்திவிடு என்கிறார்கள்.

நிறுத்தாதீர்கள். மருத்துவரைக் கேட்காமல் ஒரு வேளை கூட விடாதீர்கள். எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழே "போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்" என்று படுத்துக்கொண்டபோது தேவதூதன் அவரைத் திட்டவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் வைத்து, சாப்பிடச் சொன்னான். திரும்பத் தூங்கவும் விட்டான். உடம்பையும் கர்த்தர்தான் படைத்தார். பவுலின் கூடவே இருந்த லூக்கா ஒரு வைத்தியர்.

பயம் பாவமா, ஐயா?

முதல் பதிலைப் பாருங்கள்.

கனவில் அடிக்கடி பாம்பு வருகிறது. என்ன அர்த்தம்?

கனவுக்குப் பலன் சொல்லும் வரம் எனக்கில்லை. உங்கள் போதகரிடம் பேசுங்கள்.

உங்கள் மற்ற எழுத்துகளில் "நம்பிக்கை" என்றே எல்லா இடத்திலும் எழுதுகிறீர்கள். எங்கள் கத்தோலிக்க விவிலியத்தில் அது விசுவாசத்தைக் குறிக்கிற சொல். நீங்கள் சொல்ல வருவது "எதிர்நோக்கு" அல்லவா?

அருமையான கேள்வி. 1 கொரிந்தியர் 13:13 நாங்கள் படிக்கிற பழைய மொழிபெயர்ப்பில் "விசுவாசம், நம்பிக்கை, அன்பு". உங்கள் திருவிவிலியத்தில் "நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு". கிரேக்கத்தில் முதல் சொல் பிஸ்டிஸ், இரண்டாவது எல்பிஸ். ஒரே தமிழ்ச் சொல் எங்களுக்கு இரண்டாவதாகவும் உங்களுக்கு முதலாவதாகவும் நிற்கிறது. எல்பிஸ் என்பது வரப்போகிறதை நோக்கி நிற்பது. அதற்கு எதிர்நோக்கு அழகாகப் பொருந்துகிறது என்பதை மனதார ஒப்புக்கொள்கிறேன். ஆனால் "எதிர்நோக்கு" என்று கேட்டதும் வெறும் எதிர்பார்ப்பாக ஒலித்துவிடுமோ என்று ஒரு தயக்கம். எதிர்பார்ப்பு பொய்க்கலாம். எபிரெயர் 6:19 இந்த நம்பிக்கையை "ஆத்தும நங்கூரம்" என்கிறது.

வார்த்தைக்காக ஏன் இத்தனை சண்டை? பயத்தில் இருக்கிறவனுக்கு இது என்ன உதவி?

உதவிதான் என்பதால்தான் விடமாட்டேன் என்கிறேன். என் மனைவி அறுவை சிகிச்சை அறைக்குள் இருந்த அந்த ஐந்து மணி நேரம், அவளுடைய மருத்துவ அறிக்கைக் கோப்பைக் கையில் பிடித்து வெளியே உட்கார்ந்திருந்தேன். உள்ளங்கை வியர்த்து அட்டையின் ஓரம் ஊறி மடங்கிவிட்டது. கர்த்தர் வல்லவர் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. விசுவாசம் இருந்தது. ஆனால் அந்தக் கதவுக்கு அந்தப் பக்கம் நாளை என்று ஒன்று இருப்பதாகவே மனம் ஏற்கவில்லை. எனக்கு அன்று குறைவாக இருந்தது அந்த இரண்டாவது சொல், எல்பிஸ். எது குறைகிறது என்று தெரிந்தால்தானே அதைக் கேட்டு ஜெபிக்க முடியும்? ரோமர் 8:24, "காணப்படுகிறதை நம்புகிறது நம்பிக்கையல்ல" என்கிறது. கதவு மூடியிருக்கும்போது வேண்டியது அது.

(இதற்குக் கீழே இன்னும் பதினோரு பேர் இரு பக்கமும் எழுதியிருக்கிறார்கள். எதிர்நோக்குக்காரர்கள் கொஞ்சம் முந்துகிறார்கள். எனக்குச் சந்தோஷமே.)

"கர்த்தருக்குப் பயப்படு" என்றும் இருக்கிறதே, முரண் இல்லையா?

யாத்திராகமம் 20:20. "பயப்படாதிருங்கள்" என்பதும் தேவனைப் பற்றிய பயமும் அங்கே ஒரே வசனத்தில் இருக்கின்றன. படித்துவிட்டு மறுபடி கேளுங்கள்.

கடைசி நாள் எந்த வருஷம்?

மத்தேயு 24:36. பிதாவைத் தவிர வேறொருவரும் அறியார்.

விசுவாசிக்குப் பயம் வரலாமா?

மூன்றாவது முறை. முதல் பதில். மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் நான்காவதையும் சேர்த்துப் படியுங்கள்.

ஐயா, விடியற்காலை மூன்று மணிக்கு விழித்துக்கொள்கிறேன். நெஞ்சு படபடக்கிறது. ஜெபிக்க வார்த்தையே வருவதில்லை.

அம்மா, முதலில் அந்தப் படபடப்பை ஒரு மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். வார்த்தை வராவிட்டால் பரவாயில்லை, வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு ஆவியானவர் வேண்டுதல் செய்கிறார் என்று ரோமர் 8:26-இல் இருக்கிறது. சங்கீதம் 56-இன் மூன்றாம் வசனத்தைத் தருகிறேன்: "நான் பயப்படுகிற நாளில் உம்மை நம்புவேன்." பெலிஸ்தர் காத்தூரில் பிடித்தபோது தாவீது பாடியது. பயம் போன பிறகு என்று அவன் சொல்லவில்லை, பயப்படுகிற அதே நாளில் என்கிறான். எழுந்து உட்காருங்கள். மூச்சை இழுக்கும்போது முதல் பாதி, விடும்போது "உம்மை நம்புவேன்". மெதுவாக, உதடு அசையச் சொல்லுங்கள். அன்று மருத்துவமனையில் எனக்கு நினைவு வந்தது இரண்டாவது பாதி மட்டும்தான். அதையே சொல்லிக்கொண்டிருந்தேன்.

உங்கள் பெயரைச் சொல்லாமல் எங்கள் ஜெபக் குழுவில் வைக்கிறேன். அடுத்த வாரம் எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள்.